அண்ணன் மறைக்காத நோய்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

லுக்குட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் பிறந்தார். பெற்றோர் இருவரும் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா ஒரு நாள் காலை பால் வாளியோடு மர நிரையிலேயே விழுந்து இறந்தார். தாத்தாவும் அப்படித்தான் போனாராம். காவல் தெய்வம் முனியாண்டி அடித்துவிட்டார் என்றது தோட்டம். அன்று முதல் ஆண்டுதோறும் சொந்தமெல்லாம் கூடிக் கோழி அறுத்துப் படையல் போடுகிறோம். படிப்பை விட்டு லோரி ஓட்டப் போன அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். கோபம் வந்தால் லயமே அதிரக் கத்துவார். கொஞ்ச நேரத்தில் அவரே தேநீர் கலக்கி வந்து நீட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சி ரூசா கடற்கரையில் பந்து விளையாடும்போது மயங்கி விழுந்தார். இதயத்தை ஸ்கேன் செய்த மருத்துவர், அதன் சுவர் தடித்திருப்பதாகச் சொன்னார். இதயத் தசைக்குள் மயோசின் என்ற புரதம் இழை இழையாக இருக்கிறதாம். கருவில் இதயம் உருவாகும்போதே தசையைக் கட்டி எழுப்புவதில் அதற்குப் பங்கு உண்டு. பிறகு ஆயுள் முழுவதும் அது பக்கத்து இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுவதால்தான் இதயம் துடிக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழை. இழுப்பது அதிகம், விடுவது குறைவு. நாளடைவில் தசை தடித்து, இழைகள் தாறுமாறாகி, துடிப்பே தடுமாறிப்போகும். கயிறு இழுக்கும் போட்டியில் பிடியை விட்டுப் பிடிக்கத் தெரியாதவன் கதிதான் இது என்று அண்ணன் எங்களுக்கு விளக்கினார்.

அவ்வருடப் படையலன்று, பந்திக்கு முன் அண்ணன் எழுந்து, எல்லாரும் பிள்ளைகளோடு போய் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். அப்பாவின் தங்கையான அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

“பொண்ணுங்கள வச்சிருக்கோம். இது வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? பேசாம இருலா,” என்றார்.

“அப்பாவ முனியாண்டி அடிக்கல அத்தை. இது நம்ம ரத்தத்துல வந்தது. கட்டிக்குடுத்த எடத்துல பொண்ணு விழுந்தா யார்கிட்ட போயி கேப்பீங்க?”

அத்தை சாப்பிடாமலேயே அம்பாங்கானில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் அண்ணன் இருந்தவரை அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணனை நோயைவிட அதுதான் வாட்டியது.

லோரியை விட்டுவிட்டு, லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை பார்த்தார். பரிசோதனையில் எனக்கு இல்லை, அவர் மகனுக்கு உண்டு என்று தெரிந்த நாளில் மட்டும் அண்ணன் அழுதார். கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு முட்டும், நாற்காலியிலேயே தூங்கினார். அப்படித் தூங்கிய ஒரு மதியம் எழவில்லை.

அருகிருந்து தாங்கிய அண்ணிக்கும், பட்டறை நண்பர்களுக்கும், மருத்துவர், தாதியருக்கும் எங்கள் நன்றி. உறவினர்களே, இனியாவது பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அத்தைக்கும் நன்றி. அண்ணனின் கருமக்கிரியை முடிந்ததும் தன் பேத்தியை அவரே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பேத்திக்கும் அந்நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். சென்ற மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம், தட்டு மாற்றும் பேச்சு எழுமுன்பே அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தன் அண்ணனான எங்கள் அப்பாவும் அவர் மகனான எங்கள் அண்ணனும் இதில்தான் போனார்கள், தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்றாராம். அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

“அவங்க வேணாம்னு சொல்லட்டும்,” என்கிறார் அத்தை. “எம் பேத்தி உசுரோட இருப்பா.”