கழற்றி வைத்த சிவப்பு பல்பு

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அன்றைக்குப் பேசாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் திருவானைக்காவலில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். பட்டறையின் மேஸ்திரி ஓயாமல் வெற்றிலை போடுவார். பேசிக்கொண்டே சுவரில் துப்புவார். அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வைப்போம். இன்றைக்கும் எங்காவது சிவந்த சுவரைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் புதுக் கார் வாங்கியிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. காட்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் டிரைவர்தான் ஓட்டுவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு லாரி ஓட்டியவர்.

ஒருநாள் டேஷ்போர்டில் பிரேக் சிவப்பு லைட் அணையவே இல்லை என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன், பாதிக்குக் கீழே போயிருந்தது. பின் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஆயில் கசிந்து, புழுதியோடு சேர்ந்து சேறாகியிருந்தது. மாற்ற வேண்டிய சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

மேஸ்திரி ஆயிலை ஊற்றி நிரப்பினார். "திரும்பக் கொறஞ்சா லைட்டு எரியும். எரிஞ்சா வக்கீலு என் உசுர எடுப்பாரு. பல்பக் கழட்டிடு" என்றார்.

கழற்றினேன். காகிதத்தில் சுற்றி ஸ்பேனர் பெட்டியில் போட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து அந்த டிரைவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சாவி போட்டா எல்லா லைட்டும் ஒரு தடவ எரியும்ல? அந்தச் செவப்பு மட்டும் எரியலப்பா."

"பல்பு போயிருக்கும்ணே. மேஸ்திரிகிட்ட சொல்றேன்" என்றேன். அவர் நம்பிப் போனார்.

பதினைந்தாவது நாள் வக்கீலே டிரைவரோடு பட்டறைக்கு வந்து இறங்கினார். காவிரிப் பாலம் இறங்கும்போது பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகி, முன்னால் போன மாட்டு வண்டியின் பின்பலகையில் கார் மெதுவாக முட்டியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. வக்கீலின் வேட்டியில் காபி கொட்டியிருந்தது.

"பிரேக்குல கோளாறுன்னா லைட்டு எரியும்னு வண்டியோட வந்த புஸ்தகத்துலயே போட்டிருக்கு. லைட்டு எரிஞ்சுதா? எரியல. அப்ப கோளாறு வண்டில இல்ல. இந்த ஆளு கால்ல இருக்கு" என்றார் வக்கீல்.

"வயசாச்சுல்ல சார்" என்றார் மேஸ்திரி.

டிரைவரின் முகம் வெளுத்துப்போயிற்று. கால் போன டிரைவர் என்று பேர் கிளம்பிவிட்டால் திருச்சியில் எவன் கூப்பிடுவான்? "ரெண்டு காலாலயும் மிதிச்சேங்கய்யா" என்றார்.

நான் வண்டியில் ஏறினேன். இஞ்சின் ஓடாதபோது பெடலை நாலைந்து தடவை மிதித்து, அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினால், பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பானெட்டைத் திறந்தேன். உஸ்ஸென்று சத்தம். இஞ்சினிலிருந்து, மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஓஸ் முனையில் வெடித்திருந்தது. விரலால் பொத்தினேன், சத்தம் நின்றது. டிரைவர் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "எறங்குது தம்பி, எறங்குது!" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப லைட்டு ஏன் எரியல?" என்றார் வக்கீல்.

ஓஸ் வெடித்தது அந்த லைட்டுக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது ஆயிலும் ஹேண்ட் பிரேக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியிலிருந்து பல்பை உள்ளங்கைக்குள் எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுச் செருகினேன். ஆயில் மறுபடி குறைந்திருந்தது. லைட் சிவப்பாக எரிந்தது. அதுவே பேசிவிடும் என்று நினைத்தேன்.

மேஸ்திரி அசரவில்லை. "பல்பு லூசா இருந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டுத் துப்பினார்.

வக்கீல் டிரைவர் பக்கம் திரும்பினார். "தெனம் சாவி போடறவன் நீதான? லைட்டு எரியலன்னு பாக்க மாட்டியா?"

"பாத்தேங்கய்யா. கேட்டேன்."

"யார்கிட்ட கேட்ட?"

அவர் என்னைப் பார்த்தார். பேர் சொல்லவில்லை, கை காட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் கழிவுத் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தேன். ஆயில் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"பொய் வேற" என்றார் வக்கீல். சாவியை வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தார்.

டிரைவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். கால் நன்றாகத்தான் இருந்தது.

மேஸ்திரியை அருவருப்பானவர் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அவர் துப்பினது சுவரில்தான், மனுஷர் மேல் இல்லை.

மறுநாள் ஓஸையும், மெட்ராஸிலிருந்து வந்திருந்த சாமானையும் மாற்றினேன். சாயங்காலம் வேறு ஒரு டிரைவர் வந்தார். பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.