வாட்டர் வாஷுக்குப் போன டர்போ வண்டி

மெக்கானிக் தொழிலில் என்ஜினைப் பிரிப்பது சுலபம். பிரித்துப் போட்ட பிறகு வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். பழைய டர்போ டீசல் காரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, இரும்புலியூரில் ஷெட் வைத்திருந்தபோது ஒரே ஒரு வண்டியிடம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஊரெல்லாம் வெள்ளம் வந்து வடிந்ததற்கு மறு வருஷம் அது.

தெருவே கதவடைத்தது

பெருமாள் அண்ணா எங்கள் பகுதியில் நிலம் நீச்சு உள்ளவர். கத்தரிக்காய் வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவார். அவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், பல கை மாறிய அந்தக் காரை வாங்கியதுதான். அது ஷெட்டுக்குள் வந்தபோது முதலில் நீலப் புகை வந்தது, பின்னால் வண்டி வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைத் தொட்டால் ஆட்டம் கண்ட பல் மாதிரி ஆடியது.

"எவ்ளோ நாளாண்ணா இப்படி?" என்றேன்.

"மூணு மாசமா இப்படித்தான் கீது தம்பி. கொசு மருந்து வண்டினு நெனச்சு எங்க தெருவுல எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கிறாங்க. நானும் இல்லன்னு சொல்லிக்கல."

டாக்டர் ஓட்டிய என்ஜின்

புது என்ஜின் விலையைக் கேட்டதும் அண்ணா பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சரி, செகண்ட் ஹேண்ட் என்ஜின் பார்ப்போம் என்று, பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். லேத் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதன் காதரும் கூட வந்தான். கடைக்காரர் பளபளவென்று பெயின்ட் அடித்த ஒரு என்ஜினைக் காட்டி, "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி" என்றார். அண்ணா உடனே பையில் கையை விட்டார்.

காதர் மட்டும் தண்ணீர் போகும் துவாரத்தில் விரலை விட்டுத் துழாவினான். காய்ந்த சேறு வந்தது. அதோடு ஒரு நத்தை ஓடும் வந்து விழுந்தது. வெள்ளத்தில் முங்கிய என்ஜின்! காதர் அந்த நத்தை ஓட்டை உள்ளங்கையில் வைத்து எங்களிடம் நீட்டினான்.

"டாக்டர் வண்டிதான்ணா. பேஷன்ட்டு இன்னும் உள்ளதான் கீறாரு."

அக்கா வந்தார்

வேறு வழியில்லை, இருக்கிற என்ஜினையே புதுப்பிப்பது என்று முடிவானது. சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு, டர்போவுக்கு உள் பாகம் மட்டும் மாற்றினால் செலவு பாதியாகும். அண்ணா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வீட்டுக்குத் தெரியக் கூடாது. அந்தக் காரை வாங்கவே வேண்டாம் என்று அவர் மனைவி கமலா அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாராம். அதனால் வண்டி வாட்டர் வாஷுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாவது வாரம் அக்கா நேரிலேயே வந்துவிட்டார். தார்ப்பாயில் பிஸ்டன், வால்வு, நட்டு, போல்ட்டு எல்லாம் பரப்பிக் கிடந்தன. காரின் வாய் திறந்தபடி, உள்ளே காலி. அண்ணா சட்டென்று காருக்குப் பின்னால் குனிந்தார். வேட்டி நுனி வெளியே தெரிந்தது. அக்கா நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வாட்டர் வாஷ்னுதானே சொன்னாரு? குடலை உருவிக் கழுவுவீங்கன்னு சொல்லவே இல்லியே!"

மூச்சு விடாத வண்டி

என்ஜினைப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் அருமை. ஆனால் மிதித்தால் கறுப்பாகப் புகை விட்டதே தவிர இழுக்கவில்லை. டீசல் பம்ப் மேல் சந்தேகப்பட்டேன், அண்ணா ஊற்றிய டீசலைத் திட்டினேன், அரை நாள் எல்லோரையும் பேஜார் பண்ணினேன். டர்போ போயிருந்தால் என் பெயரும் சேர்ந்து போகும்.

கடைசியில் காதர் டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றினான். தூசி விழாமல் இருக்க நானே திணித்து வைத்த மஞ்சள் துணி, கசங்கி உள்ளே கிடந்தது. நல்லவேளை, வேறெதுவும் கெடவில்லை. ஆனாலும் அண்ணா முன்னால் என் காது சிவந்துவிட்டது. காதர் துணியை உருவி என் முன்னால் ஆட்டினான்.

"ஏன் மச்சான், வாயில துணியை அடைச்சிட்டு, பாடு பாடுன்னா எப்படிப் பாடும்?"

மாப்பிள்ளை அழைப்பு

வண்டியை ஒப்படைக்கும்போது அண்ணாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்ட வேண்டாம். நிறுத்தியதும் அணைக்காமல் இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள், டர்போ ஆறட்டும். அடுத்த வாரமே திருநீர்மலையில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைக் கூடுவாஞ்சேரியிலிருந்து தன் காரில்தான் அழைத்து வருவேன் என்று அண்ணா பிடிவாதமாகக் கிளம்பினார்.

ஐம்பது என்று நான் சொன்னதால், பத்திரத்துக்கு இருபத்தைந்தில் ஓட்டியிருக்கிறார். அதோடு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஓரங்கட்டி, இரண்டு நிமிஷம் டர்போவை ஆறவிட்டிருக்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள்காரர் ஒருவர் முந்திப் போனாராம். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் மண்டபத்திலிருந்து அக்கா எனக்கு போன் பண்ணி, வண்டி எங்கே என்று சத்தம் போட்டார். பதறிப்போய் அண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் குரலில் பெருமை பொங்கியது.

"என்ஜின் பிரமாதம் தம்பி, ஒரு பொட்டு புகை இல்ல! மாப்பிள்ளைதான் அவசரப்பட்டு பல்லாவரத்துல எறங்கி ஷேர் ஆட்டோவுல போயிட்டாரு."

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. நான் தெரிந்துகொண்டது இதுதான்: மெக்கானிக் பேச்சை நம்பாத கஸ்டமர் ஒரு தொல்லை என்றால், அப்படியே நம்பிவிடுகிற கஸ்டமர் அதைவிடப் பெரிய தொல்லை.