றெஜினாவின் கையைக் கடந்துபோன கடிதங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது றெஜினாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “மாஸ்டர் மாமா, அம்மா போட்டா” என்றாள். நித்திரையிலேயே உயிர் போயிருந்தது. மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குருநகருக்கு பஸ் ஏறினேன்.

செத்தவீட்டில் எங்கள் பழைய அலுவலகத்து ஆட்கள் நாலைந்து பேரைக் கண்டேன். மற்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். வரமுடியாத உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போர் ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில், காணாமற்போனவர்களையும் பிரிந்துபோன குடும்பங்களையும் தேடிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் நாங்கள் வேலை செய்தோம். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவன். அதனால் எல்லோருக்கும் மாஸ்டர். றெஜினா தொடர்பாடல் பிரிவு. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகுகளின் வானொலிக் கருவி திருத்தும் கடையில் வேலை பழகி, அங்கிருந்து எங்களிடம் வந்தவர்.

அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெட்டி வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வோம். அதுவரை எங்கள் விபரங்கள் உறையில் ஒட்டப்பட்டு, ஆள் மூலம் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போயின. பிறகு ஐ.எஸ்.டி.என். இணைப்புக் கிடைத்தது. கணினிக் கோப்புகளை வேகமாகக் கொண்டுபோகும் தொலைபேசிக் கம்பி அது. கம்பியின் நுனியில் ஒரு அடாப்டர். அடாப்டருக்கும் கணினிக்கும் நடுவில், போகிற எழுத்தை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி மாற்றிவிடும் கருவி ஒன்று. றெஜினா அதைப் பூட்டுப் பெட்டி என்பார். கொழும்பிலும் இதே மாதிரி ஒரு அடாப்டர், ஒரு பூட்டுப் பெட்டி. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால் பச்சை விளக்கு எரியும்.

பெட்டியைப் பொருத்திய அன்றே மாலை நான்கு மணிக்குக் கொழும்பில் ஒரு கூட்டம். நாங்கள் தயாரித்த காணாமற்போனோர் பட்டியல் போய்ச் சேர்ந்தால் அதிலுள்ள பெயர்கள் அதிகாரிகள் முன் வைக்கப்படும். சேராவிட்டால் அந்தக் குடும்பங்கள் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். காலையிலிருந்து முயன்றும் விளக்கு எரியவில்லை. அழைப்புப் போகிறது, மறுபக்கம் எடுக்கிறது, பெட்டிகள் மட்டும் ஒன்றையொன்று அறியவில்லை. இரு பக்கமும் பெட்டியை விலக்கிக் கணினியை நேரே அடாப்டரில் செருகினால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதுதான் வில்லங்கமாகிவிட்டது.

“அக்கா, லைன் நல்லாத்தானே வேலை செய்யுது” என்றார் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த பொறியியலாளர். “இண்டைக்கு மட்டும் பெட்டி இல்லாமல் அனுப்புங்கோ. நாளைக்கு ஆறுதலாப் பாப்பம்.”

எங்கள் அலுவலகப் பொறுப்பாளரும் அதுவே சரி என்றார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“உதுக்குள்ளை இருக்கிறது சனத்தின்ரை பெயர், விலாசம், ஆர் வந்து பிடிச்சுக்கொண்டு போனது எண்டு அவை சொன்ன கதை” என்றார் றெஜினா. “எங்களை நம்பித்தான் சொன்னவை. திறந்தபடி நான் அனுப்பமாட்டன்.”

“நாலு மணிக்குள்ளை போகாட்டி?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

“போகாட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லுறன்.”

பிறகு அவர் செய்தது மிகவும் சலிப்பான வேலை. கொழும்பு அடாப்டரின் அமைப்புகளை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். எங்களுடையதை நான் கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டு வந்தோம். பொறியியலாளர் இரண்டு தடவை பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. பதினோராவது வரி வேறாக இருந்தது. கொழும்பு அடாப்டர், கணினியை நேரே செருகுவதற்கான முறையிலேயே விடப்பட்டிருந்தது. அந்த முறையில் அது தன்னுடைய குறிகளையும் தரவோடு சேர்த்து அனுப்பும். பூட்டுப் பெட்டிக்கோ எதுவும் கலக்காத தரவு வேண்டும். பொறியியலாளர் அதை மாற்றினார். விளக்கு அப்போதும் எரியவில்லை.

“மாத்திப்போட்டு, நிப்பாட்டி எழுப்பினனான் அக்கா.”

“எழுப்பினாப் பிறகு திருப்பி வாசிச்சனீங்களோ தம்பி?”

அவர் மறுபடி வாசித்துப் பார்த்தார். பிறகு, “பழையபடி வந்திட்டுது” என்றார். மாற்றியதைச் சேமிக்காமல் நிறுத்தியிருக்கிறார்.

மூன்று இருபதுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கை தட்டினோம். றெஜினா உடனே அனுப்பவில்லை. இரு பக்கமும் எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி எழுப்பி, விளக்குத் தானாக எரிகிறதா என்று பார்த்தார். பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்தது. நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் முன் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

இது உங்களில் பலருக்குத் தெரியும். இனிச் சொல்லப்போவது தெரியாது.

விசாரணைகளுக்கான மறுமொழிகளும் அதே கம்பியில்தான் வரும். றெஜினா அவற்றைக் கணினியில் இறக்கி, அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டித் தேடுதல் பிரிவிடம் கொடுப்பார். அச்சுத்தாள் கவிழ்ந்தபடிதான் வெளியே வரும், வாசிக்காமல் அப்படியே மடிப்பார். என் அண்ணை இடப்பெயர்வில் பிரிந்துபோய் ஏழு வருடம். நானும் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். ஒரு நாள் அவருடைய அறைக்குப் போய், “றெஜினா, அண்ணையின்ரை பெயர் வந்திருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்” என்றேன்.

“ஏலாது மாஸ்டர். வந்தால் கடிதம் வரும்.”

“ஒரு பெயர்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருகிறவன் நான், இந்த மனிசிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மூன்று கிழமை அவருடன் கதைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை, மறுமொழிக் கடிதங்களைக் கையளிக்கும் அலுவலருடன் நானும் போக வேண்டியிருந்தது. பட்டியலில் கடைசி விலாசம் குருநகர். படலையைத் திறந்தவர் றெஜினா. அன்று அவருக்கு விடுமுறை. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதை நான் அறிந்திருந்தேன். அவரும் எங்கள் அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுத்திருந்தார் என்பது தெரியாது.

கையெழுத்து வைத்துக் கடிதத்தை வாங்கினார். முற்றத்தில் நின்றபடியே பிரித்தார். தேடியதில் தகவல் ஏதும் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி. உறையின் மேல் அது அலுவலகத்துக்கு வந்த நாளின் முத்திரை இருந்தது. ஒன்பது நாளுக்கு முன் வந்தது. அவர்தான் அச்சிட்டிருக்கிறார், அவர்தான் ஒட்டியிருக்கிறார்.

“இது உம்மடை கையாலைதானே போனது” என்றேன்.

“ஓம்.”

“நீர் பாக்கேல்லையோ?”

“பாத்திருந்தால் வேறை மறுமொழி வந்திருக்குமோ மாஸ்டர்?” என்றார். கடிதத்தைத் திரும்பவும் மடித்தார். “பாக்க வேணும் போலைதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் இருந்தது. எனக்கு ஒருக்காப் பாத்தனெண்டால், பிறகு ஆருக்கு இல்லையெண்டு சொல்லுவன்?”

உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்தோம். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அடுத்த நாள் காலை அவருடைய அறை வாசலில் நின்று மழையைப் பற்றி ஏதோ கதைத்தேன்; அவரும் மழையைப் பற்றியே மறுமொழி சொன்னார்.

என் அண்ணையின் செய்தி சில மாதம் கழித்து வந்தது. தமிழ்நாட்டில் ஒரு முகாமில் உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த பிறகுதான் றெஜினாவுக்குத் தெரியும். நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமையே ஒரு பை நிறைய மீனோடு தெல்லிப்பழைக்கு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை என்பதை மறந்துபோனார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. தன் வீட்டு நினைவு அவருக்கு அன்று எப்படி வராமல் இருந்திருக்கும்? அம்மாவோடு இருந்து கத்தரிக்காய்க் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் இப்போது ஊரில் ஆட்களுக்கு விண்ணப்பங்களும் கடிதங்களும் எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒருவர் வந்து, தன் மைத்துனர் என்னிடம் எழுதுவித்த காணிக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். சொல்ல மறுத்தேன். அது எனக்குச் சிரமமாக இல்லை. றெஜினாவிடமிருந்து எனக்குச் சேர்ந்தது அது. மறுத்த பிறகு அந்த ஆளைப் பகைக்காமல் இருப்பதும் அவரிடம் கண்டதுதான், ஆனால் அது இன்னும் எனக்குச் சரியாகக் கைவரவில்லை. அந்த மனிதர் சந்தியில் என்னைக் கண்டு முகம் திருப்பினார், நானும் திருப்பிக்கொண்டேன். நாளைக்கு அந்த ஆளின் வீட்டுப் பக்கம் போய் வர வேண்டும்.