பெரியம்மா ஏமாந்த கார்

காசிமேட்டு மீன் ஏலத்தில் எங்கள் பெரியம்மாவை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்பார்கள். கூடையை இறக்கும்போதே செவுளைத் தூக்கிப் பார்த்து, எது காலையில் வந்தது, எது முந்தாநாள் ஐஸில் கிடந்தது என்று பிரித்துவிடுவாள். விற்கிறவன் தன் வீட்டுக் கஷ்டமெல்லாம் சொல்லி அழுதாலும் சொன்ன விலைக்கு மேல் ஏற மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு கார் வாங்கி ஏமாந்தாள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். வெகுகாலம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என் அப்பாவுக்கு மூத்தவர். திருவொற்றியூர் குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் விசைப்படகில் டிரைவர். ஓட்டுவதும் அவரே, எஞ்சினைப் பார்ப்பதும் அவரே. நடுக்கடலில் வேறு யார் படகு நின்றாலும் வயர்லெஸ்ஸில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், கடலை இனி மறந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் வாசற்படியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேச்சு குறைந்தது. பிறகு சோறும் குறைந்தது. வஞ்சிரம் வறுத்து வைத்தாலும் தட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்தத் துண்டு என் தட்டுக்கு வரும். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ஒருநாள் தன்னோடு படகில் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணனைக் கூப்பிட்டுத் தன் ஸ்பேனர் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "எத்துக்கினு போப்பா. எனக்கு இன்னாத்துக்கு இனிமே?" என்றார். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பெரியம்மா அதைக் கேள்விப்பட்டதும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அந்த அண்ணன் வீட்டு வாசலில் சண்டை பிடித்துப் பையை மீட்டுக்கொண்டு வந்தாள். பழைய இரும்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பையைப் பரண்மேல் வைத்தவள் அன்று சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கார் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும், ஆட்டோவில் குலுங்குகிறது என்று காரணம் சொன்னாள். வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கன்டெய்னர் லாரி ஓட்டும் என் அப்பாவையும், பிடிவாதம் பிடித்த என்னையும் கூட்டிக்கொண்டு மாத்தூருக்குப் போனாள். அங்கே வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்துவிட்டது. நாலு கதவு, சுத்தமான எஞ்சின். பெரியம்மா அதைப் பார்த்தாள், தலையாட்டினாள், அதைத் தாண்டிப் போய்விட்டாள். மூலையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. ஏதோ பணக்கார வீட்டுப் பையன் ஓட்டித் தீர்த்தது.

பாய் நேர்மையான மனிதர். "அக்கா, பின்னாடி வந்து என் சட்டையப் புடிக்கக்கூடாது, இப்பவே சொல்டறேன். இது பாக்கத்தான் ஷோக்கு. எஞ்சின் தேஞ்சி கீது. ஆயில தண்ணி மாரி குடிக்கும்" என்றார்.

"யாரு ரிப்பேர் பண்ணுவாங்க?"

"இங்க ஒருத்தனும் கை வெக்க மாட்டான். அப்டியே வெச்சாலும் வருசம் பூரா இழுக்கும்."

"வருசம் பூராவா?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா காரை இன்னொரு முறை சுற்றி வந்தாள்.

"அண்ணி, வேணாம். தெரிஞ்சே போய் வுழாதீங்க" என்று அப்பா கெஞ்சினார். அவள் காதில் வாங்கவில்லை. பாய் சொன்ன ஒவ்வொரு குறையையும் அவரிடமே திருப்பிச் சொல்லி விலையைக் குறைத்தாள். கடைசியில் பாய்க்கே தான் ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகியிருக்கும்.

அப்பா ஓட்ட, பெரியம்மா மடியில் நான். எண்ணூர் விரைவுச் சாலைக்கு வரும்வரை ராணிபோல இருந்தேன். அங்கே வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் துறைமுகம்வரை வரிசை கட்டி நின்றன. எங்கள் பந்தயக் கார் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. மீன் கூடை கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது. பின்னால் திரும்பினால் ரோடே தெரியவில்லை, அத்தனை நீலப் புகை. "இன்னா நைனா, பறக்க மாட்டியா?" என்று லாரி கிளீனர் ஒருவன் கேட்டான். லாரி உலகத்தில் அப்பாவுக்கு இருந்த மானம் அங்கேயே போயிற்று. எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் "கொசு மருந்து! கொசு மருந்து!" என்று புகைக்குள் ஓடி வந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நான் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

பெரியப்பா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா சாவியைத் திருப்பப் போனபோது மட்டும் கையைத் தூக்கினார்.

"நிறுத்தாத."

தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, பெரியம்மாவை ஒரு பிடி பிடித்தார். "ஒனக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? ஒரு பிஸ்டன் வேலையே செய்யல. மீனுன்னா செவுளப் பாப்ப, இத்த இன்னாத்தப் பாத்து வாங்கின?" என்று தெருவே கேட்கும்படி திட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அத்தனை பேசி நாங்கள் கேட்டதில்லை. யாரிடமும் ஒரு சொல் தாங்காத பெரியம்மா, தலையைக் குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஸ்பேனர் பை பரணிலிருந்து இறங்கியது. தார்ப்பாய்க்குக் கீழே கார் துண்டு துண்டாகப் பிரிந்தது. கழற்றிய நட்டும் வால்வும் கலந்துவிடாமல் இருக்க எங்கள் இட்லித் தட்டை வாங்கி, குழிக்கு ஒன்றாக வைத்தார் பெரியப்பா. அம்மா அதற்குப்பின் வேறு தட்டு வாங்கினாள். கனமானதைத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் அப்பாவும் தெருப் பையன்களும் சங்கிலி போட்டு எஞ்சினை இறக்கினார்கள். பெரியப்பா பஸ் ஏறிப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய கார்ச் சாமான் தேடினார். லேத்துக்காரனோடு சண்டை போட்டார். அப்பாவின் போனில் இங்கிலீஷ் வீடியோ பார்த்து, அவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னபடி செய்திருந்தால் கார் வெடித்திருக்கும். கிரீஸ் படிந்த கையோடு சோற்றுக்கு உட்கார்ந்து, "இன்னொரு துண்டு கீதா?" என்று கேட்க ஆரம்பித்தார். என் தட்டுக்கு வஞ்சிரம் வருவது நின்றது. அந்தக் காரின்மேல் எனக்கு வெறுப்பு வர அதுவும் ஒரு காரணம்.

மழைக்காலம் முடிந்து பொங்கலும் வந்தது. லாரிகள் ஓடாத அந்தக் காலையில் பெரியப்பா சாவியைத் திருப்பினார். புகையில்லை. தெருப் பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணூர்வரை ஓட்டினார். கடல் ஒரு பக்கம் கூடவே ஓடி வந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார். ஊரிலேயே பெரிய ஆள் நான்தான் என்று அன்று நினைத்தேன். காரின்மேல் இருந்த வெறுப்பெல்லாம் பறந்துவிட்டது.

அடுத்த வாரம் பெரியம்மா போனில் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"இன்னா பாய், வருசம் பூரா இழுக்கும்னு சொன்ன, பொங்கலுக்கே முடிச்சிட்டாரு. நல்லா ஓடுது, அதான் பேஜாரு. இத்த எத்துக்கினு போ. வேற ஒண்ணு பாரு. இந்த வாட்டி இன்னும் மோசமா கீறதா பாரு."

சிவப்புக் கார் போய்விட்டது. போகும்முன் பெரியப்பாவே அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். ஏன் விற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பையில் அடுக்கி, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். இந்த முறை தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நான்தான் அழுது ஊரைக் கூட்டினேன். நல்ல காரைக் கொடுத்துவிட்டு உடைந்த காரை வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டா? "அந்த பாய் ஒன்ன நல்லா ஏமாத்துறாரு பெரிம்மா! ஒனக்கு ஒண்ணுமே தெரியல!" என்று கத்தினேன்.

பெரியம்மா என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஏமாத்தட்டும்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனாள்.