ஆள் வராத ஆறு

சுசித்ராவுக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்தாள். கல்யாணம் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை, ஓசூர் தங்கிவிட்டது. பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வருகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இடையில் தபாலில் எம்.ஏ. சமூகவியல் முடித்தாள். "இந்த வயசுல எதுக்குடி படிப்பு?" என்று அம்மா போனில் கேட்டபோது, "சாயங்காலப் பொழுது கழியணும்ல" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படிப்பை வைத்துத்தான் ஆற்று வேலை கிடைத்தது. பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு தென்பெண்ணைக்கு வந்திருந்தது. குழுத் தலைவர் ராஜசேகர், ஓய்வு பெற்ற பொறியாளர். முதல் நாள் அவளை ஓசூருக்குப் பக்கத்து அணைக்குக் கீழே ஆற்றுப் படுகைக்குக் கூட்டிப்போனார். ஷட்டர் மூடியிருந்தது. பாறைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு குட்டை, அதன் ஓரத்தில் காய்ந்த நுரை.

"இந்த ஆறு ஆறா இருக்கறதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்? இதுதான் நம்ம கேள்வி," என்றார். "முன்னெல்லாம் ஒரே கணக்கு. வருஷத்துல ஓடற தண்ணில பத்துல ஒரு பங்கு விட்டாப் போதும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவோம். ஆளைப் பாக்காம மருந்து எழுதற மாதிரி. இப்ப அப்படி இல்லம்மா. மீனுக்கு என்ன வேணும், மணலுக்கு என்ன வேணும், கரை மரத்துக்கு என்ன வேணும், மனுஷங்களுக்கு என்ன வேணும், ஒவ்வொண்ணையும் ஒருத்தர் பாக்கணும். கடைசில எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து, எந்த மாசத்துக்கு எவ்வளவுன்னு சேத்து முடிவு பண்ணணும். மீனை சுரேந்தர் பாக்கறார். மனுஷங்க உங்க பொறுப்பு."

சுசித்ராவுக்கு அது பிடித்திருந்தது. ஒரு வருட ஒப்பந்தம். கம்பெனி வேலையை விட்டாள். ஸ்கூட்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, அணையிலிருந்து கிருஷ்ணகிரி பக்கம் வரை ஆற்றங்கரை ஊர்களில் ஒவ்வொன்றாக இறங்கினாள்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீடுகளில் நைட் ஷிப்டு முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தவர்களிடம் அவள் எப்போதும் ஒரே கேள்வியில் தொடங்கினாள்: "ஆத்துக்கு எதுக்கெல்லாம் போவீங்க?"

"ஆத்துக்கா? எதுக்கு?" என்றுதான் பதில் வந்தது.

குடிக்க கேன் தண்ணீர். குளிக்க போர். மாடுகளே ஆற்றில் வாய் வைப்பதில்லை. ஒருவர் நாற்றம் தாங்காமல், ஆற்றைப் பார்த்த பின்வாசலை ஹாலோ பிளாக் வைத்து அடைத்திருந்தார். மாரண்டதொட்டியில் ரங்கம்மா என்ற பெண் வாசலில் ராகி புடைத்துக்கொண்டே, "பிள்ளைங்களுக்கு அந்தப் பக்கம் போனா காலை ஒடிப்பேன்னு சொல்லி வெச்சிருக்கேன் மேடம். அதையும் எழுதிக்கோங்க," என்றாள்.

சுசித்ரா எழுதிக்கொண்டாள். மாதங்கள் போகப் போக, மக்கள் தேவை என்ற பகுதியில் 'இல்லை' என்பதைத் தவிர வேறெதுவும் சேரவில்லை. பகலெல்லாம் பேச்சுதான். ஆனால் அது அவள் கேட்டு அவர்கள் சொல்லும் பேச்சு. அறைக்குத் திரும்பி, வழியில் வாங்கிய சித்ரான்னத்தைப் பிரித்துச் சாப்பிடும்போது, காலையிலிருந்து ஒருவர்கூடத் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வரும். சில நாள் அதற்காகவே அம்மாவுக்கு போன் செய்வாள். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்பாள். அதோடு கேள்வி முடிந்துவிடும்.

ஆற்றுக்கு வரும் ஒரே ஆளை அவள் கண்டது மாரண்டதொட்டியில். ஊருக்குப் பின்னால் பாறைகள் நெருங்கி ஆறு ஒடுங்கும் இடம். அன்று அணையில் கொஞ்சம் திறந்திருந்தார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் சரிந்து ஓடியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். பெயர் முனிலட்சுமி. சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. ஷிப்டு முடிந்ததும் வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்து நேரே இங்கே வந்துவிடுவாள்.

கடைசியில் ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று சுசித்ராவுக்குச் சந்தோஷம்.

"எதுக்குக்கா வர்றீங்க? துணி துவைக்கவா?"

"இந்தத் தண்ணிலயா?"

"மீன் பிடிக்க? சாமி கும்பிட?"

"அதெல்லாம் இல்ல பாப்பா. சும்மாதான்."

"சும்மான்னா?"

"வீட்ல டிவி இருக்குது. ஃபேன் ஓடுது. ஆனா சத்தமில்லாத மாதிரியே இருக்குது. அவரு போய் ஆறு வருஷமாச்சு. பையன் சந்தோஷ் ஒரகடத்துல இருக்கறான். இங்க வந்தா, தண்ணி விட்ட நாள்ல, இந்த இடத்துல மட்டும் சத்தம் வரும். கேட்டுக்கிட்டு இருப்பேன். நாத்தந்தான். பழகிருச்சு."

சுசித்ரா எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினாள். அப்போது முனிலட்சுமி கேட்டாள்: "நீ யாரோட இருக்கற?"

அத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. வாயில் வந்தது பொய். "அம்மாகூட இருக்கேன்க்கா."

"நல்லது," என்றாள் முனிலட்சுமி. அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று ஸ்கூட்டியில் திரும்பும்போது அந்தப் பொய் சுசித்ராவை உறுத்திக்கொண்டே வந்தது. அதன் பிறகு வேலை அந்தப் பக்கம் இல்லாத நாட்களிலும் மாரண்டதொட்டிக்குப் போனாள். இருவரும் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். முனிலட்சுமி டப்பாவில் மீதி வைத்த கம்பெனி கேன்டீன் சுண்டலை நீட்டுவாள். பேச்சு அதிகம் இருக்காது. தண்ணீர் இல்லாத நாளில் அதுவும் இருக்காது. அப்படி ஒரு நாள் சுசித்ராவே சொன்னாள்: "அம்மா ஊர்ல இருக்காங்கக்கா. இங்க நான் மட்டுந்தான்."

"தெரியும்," என்றாள் முனிலட்சுமி. "வீட்ல ஆள் இருந்தா எவ இங்க வந்து உக்காருவா?"

சுசித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனிலட்சுமி அதைப் பார்க்காதது போல் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்திரையில் மாரண்டதொட்டி மாரியம்மன் திருவிழா. கரகம் ஜோடிக்கும் முன் ஆற்றங்கரையில் கங்கை பூஜை செய்வது ஊர் வழக்கம். என்ன செய்கிறார்கள் என்று பார்க்க சுசித்ராவும் போனாள். டிராக்டரில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது. உள்ளே போர் தண்ணீர். அதைக் கரையில் இறக்கி, மஞ்சள் பூசி, பூச்சரம் சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். பூசாரி முனிசாமி டிரம்மிலிருந்து செம்பில் மொண்டு கரகத்தில் ஊற்றினார். கும்பிட்டவர்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்றுதான் கும்பிட்டார்கள். டிரம்மைப் பார்த்து யாரும் கும்பிடவில்லை.

"ஊர்லயே டிரம்ம வெச்சுக் கும்பிடலாமே, எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று சுசித்ரா கேட்டாள்.

முனிசாமிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கங்கை பூஜைய ஊர்ல எப்படிம்மா பண்றது?" என்றார்.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு ஹோட்டல் அரங்கில், ராஜசேகர் முதல் நாள் சொன்ன அந்த மேசை போடப்பட்டது. குழுவினரோடு, தண்ணீர் திறப்பை முடிவு செய்யும் தரப்பிலிருந்து இரண்டு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். சுவரில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம். சுரேந்தர் எழுந்து, ஐப்பசி, கார்த்திகையில் ஆறு சில முறையாவது பொங்கி வந்தால்தான் மீன் மேலேறி முட்டையிடும் என்றும், கோடையில் குட்டைக்குக் குட்டை கணுக்கால் அளவாவது தண்ணீர் தொடர்ந்து ஓட வேண்டும் என்றும் சொன்னார். குழுவில் ஆற்றுப் படுகையை ஆய்ந்தவர், வருடத்துக்கு ஒரு பெருவெள்ளம் அடிச்சேற்றை அள்ளிப் போக வேண்டும் என்றார். கட்டங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன.

சுசித்ராவின் முறை வந்தது. அவள் உள்ளதைச் சொன்னாள். எந்த ஊரிலும் குடிக்க, குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்று யாரும் ஆற்றை நம்பியில்லை.

மூத்த அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கோபமில்லாமல், நியாயமாகவே கேட்டார்: "அப்ப மக்கள் பகுதிக்குத் தண்ணி ஒதுக்கத் தேவையில்ல. அப்படித்தானேம்மா?"

ஒரு வருடமாக அலைந்து உண்மையைச் சேர்த்திருந்தாள். அந்த உண்மையே இப்போது ஆற்றின் கழுத்தில் கத்தியாக நின்றது. ராஜசேகரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார். பேசு என்று அர்த்தமா, விட்டுவிடு என்று அர்த்தமா, தெரியவில்லை.

"போறதில்லைங்கறதும் வேண்டாங்கறதும் ஒண்ணு இல்லைங்க சார்," என்று தொடங்கினாள். டிரம் விஷயத்தைச் சொன்னாள். போர் தண்ணீர்தான், ஆனாலும் அதை டிராக்டரில் ஏற்றி ஆற்றங்கரைக்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்றாள். நான் அவர்களிடம் ஆற்றுக்குப் போகிறீர்களா என்றுதான் கேட்டேன், போக முடிந்தால் போவீர்களா என்று கேட்கவில்லை, தப்பு என் கேள்வியில்தான் என்றாள். பிறகு, சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததையும் சொன்னாள்: ஷிப்டு முடிந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க மட்டும் ஒருவர் வந்து உட்காருகிறார்.

இளைய அதிகாரி சிரித்துவிட்டார். "சத்தத்துக்கு எவ்வளவு கன அடி போடறது மேடம்?"

சுசித்ராவுக்கு முகம் எரிந்தது. சுரேந்தர்தான் இடையில் பேசினார். "எந்த இடம் அது? மாரண்டதொட்டி இடுக்கா?" அவள் ஆமாம் என்றாள். "அங்க நானும் அளந்திருக்கேன். தண்ணி கல்லுல புரண்டு ஓடினாத்தான் அதுல காத்து கலக்கும், மீனுக்கு மூச்சு கிடைக்கும். சத்தம் வர்ற அளவும் நான் கேட்ட கோடை அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தனியா ஒண்ணும் போட வேண்டாம்."

கோடைக் கட்டத்தில் மக்கள் பகுதியிலும் அந்த அளவே எழுதப்பட்டது. திருவிழாவுக்கு மூன்று நாள் முழங்கால் ஆழம் என்றும் சேர்த்தார்கள். தண்ணீர் சுத்தமாகாமல் அளவை மட்டும் கூட்டுவது பாதி வைத்தியம்தான் என்று ராஜசேகர் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினார்.

அடுத்த நாள் சுசித்ரா மாரண்டதொட்டிக்குப் போய் முனிலட்சுமியிடம் சொன்னாள்.

"என்னப் பத்தி மீட்டிங்குல சொன்னியா?"

"பேரு சொல்லலக்கா."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் சிரிச்சாரு."

"சிரிக்கட்டும்," என்றாள் முனிலட்சுமி. கொஞ்சம் கழித்து, "வேலை முடிஞ்சுதுல்ல? இனி இந்தப் பக்கம் வர மாட்ட," என்றாள். வருவேன் என்று சுசித்ரா சொன்னாள். ஆனால் அவளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது, ஷிப்டு மாறி மாறி வந்தது. வாரத்துக்கு ஒரு முறை போனில் பேசினாள். பிறகு அதுவும் குறைந்தது.

பரிந்துரைகளில் ஒன்றை மட்டும் சோதனையாகச் செய்து பார்க்க ஒத்துக்கொண்டார்கள். மறு சித்திரையில் திருவிழாவை ஒட்டி அணையில் மூன்று நாள் திறந்தார்கள். ராஜசேகர் வாட்ஸாப்பில் சொன்னதும் சுசித்ரா லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

முனிலட்சுமியின் வீடு பூட்டியிருந்தது. மருமகளுக்குக் குழந்தை பிறந்ததால் மாசியிலேயே ஒரகடத்துக்குப் போய்விட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். சுசித்ராவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய உறவும் இல்லைதான்.

ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. கலங்கல்தான், ஓரங்களில் நுரையும் இருந்தது. போன வருடத்து நாற்றம் அவ்வளவாக இல்லை. டிராக்டரில் டிரம் இந்த முறையும் வந்தது. முனிசாமி ஆற்றில் இறங்கி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீரை மொண்டு டிரம்மில் ஊற்றிக் கலக்கி, அதிலிருந்து கரகத்தை நிரப்பினார். ரங்கம்மா பிள்ளைகளைக் கரையிலேயே நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் முழங்கால் வரை இறங்கிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைஞர்கள் செல்ஃபி எடுத்தார்கள். மேளம் ஊருக்குள் போனதும் எல்லோரும் அதன் பின்னால் போய்விட்டார்கள்.

சுசித்ரா பாறை இடுக்குக்கு நடந்தாள். ஒருவரும் இல்லை. தண்ணீர் கல்லில் மோதிச் சரிந்து ஓடியது. ஊர் மேளம்கூடக் கேட்காத அளவுக்குச் சத்தம். போனை எடுத்து முனிலட்சுமியைக் கூப்பிட்டாள். மறுமுனையில் குழந்தை அழுதது.

"யாரு, சுசித்ராவா? சொல்லு பாப்பா. ஒரே இரைச்சலா இருக்குதே, எங்க இருக்கற?"

"ஆத்துலக்கா. தண்ணி விட்டிருக்காங்க."

"ஓ," என்றாள் முனிலட்சுமி. குழந்தையின் அழுகைக்கு நடுவே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. "இரு, பால் பொங்குது. அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

இருட்டும் வரை சுசித்ரா அங்கேயே இருந்தாள். அடுத்த வருடம் திறப்பார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. ராஜசேகர் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார். சுசித்ரா ஞாயிற்றுக்கிழமைகளில், முதல் ஷிப்டு இல்லாவிட்டால், மாரண்டதொட்டிக்குப் போய் வருகிறாள். பெரும்பாலும் ஆற்றில் தண்ணீர் இருப்பதில்லை.