மாமா வளர்த்த பாசி

கல்லில் பாசி பிடிக்க வேண்டும் என்று தவம் கிடந்த ஒரே மனிதர் தூத்துக்குடியில் எங்கள் மாமாவாகத்தான் இருக்கும். ஜப்பானில் முத்துக்குளித்த ஊர் ஒன்றும் எங்கள் ஊரும் சிநேகமாகிவிட்டன என்று சொல்லி, கடற்கரைப் பூங்காவில் ஜப்பானியத் தோட்டம் போட்டார்கள். வளைந்த பாலம், சின்னக் குளம், பெரிய பெரிய கற்கள். கற்களின் மேல் பாசி படர்ந்தால்தான் அழகாம். தற்காலிகத் தோட்டக்காரரான மாமா, குற்றாலத்திலிருந்து ஈரச்சாக்கில் பாசி கொண்டுவந்து நிழலில் ஒட்டி, பிள்ளையைப் போல வளர்த்தார். தோட்டத்தைப் பார்க்க வருகிற ஜப்பான்காரர்களுக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

பாசி விஷயத்தைப் பற்றி அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு அடிபிடி நடக்கிற தெரு எங்களுடையது. "குடிக்கத் தண்ணியக் காணோம், இவுக கல்லக் குளிப்பாட்டுதாவ" என்று அத்தை ஏற்கெனவே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரர்கள் வருகிற அன்று காலையில் மாமா மாலை வாங்கப் போயிருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அவருக்குக் காப்பி கொண்டுபோன அத்தை, கற்களைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். "இம்புட்டுத் தண்ணி ஊத்தியும் பாசி போகலையே! விருந்தாளி பாத்தா இவுக வேலை என்ன ஆகும்?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரும் சோப்புத்தூளுமாகத் தேய்த்துத் தள்ளிவிட்டாள். கற்கள் பளபளத்தன.

மாலையோடு திரும்பிய மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஏளா, அது நான் வளத்த பாசிளா" என்றார். அத்தையின் முகம் வெளுத்தது. அதற்குள் வேன் வந்துவிட்டது.

இறங்கிய ஜப்பானியப் பாட்டி கற்களையே பார்த்தார். பாசி எங்கே என்று கேட்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"வெயில்ல கருகிட்டு. நான்தான் சரியாப் பாக்கல" என்றார் மாமா.

"பொய் சொல்லுதாவ! விருந்தாளி வாராவன்னு நான்தான் தேச்சேன். இவுக மேல தப்பு இல்ல."

"ஏளா, சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க!"

யார் சொன்னதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் திணறி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அத்தையின் முன்னால் நன்றாகக் குனிந்து வணங்கினார். பாசி மறுபடி வரும், வளர்த்தவரே வளர்க்கட்டும் என்று கூட வந்திருந்த அதிகாரியிடம் சொன்னார். மாமாவுக்கு வேலை நிரந்தரமானது அப்படித்தான்.

எனக்கோ அப்போது ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் போடுகிற சண்டை போதாதென்று அசலூர் மனுஷி முன்னாலும் இப்படிச் சண்டை போடுகிறார்களே என்று வெட்கப்பட்டு, பாலத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.