பிலியானா ஜெயிக்கக்கூடியவை

அடுத்த அறையிலிருந்து கம்ப்யூட்டர் மவுஸ் சத்தம் கேட்கிறது. டிக், டிக், சற்று நிதானம், மறுபடி டிக். ஞாயிறு காலை. அடுப்பில் காப்பி பொங்கி வழிவது பிலியானாவின் காதில் விழவில்லை. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். பதினெட்டு வருடம் எதிர் வீட்டில் இருந்துவிட்டால் அந்த வீட்டு அடுப்பும் நம்முடையதுதான்.

“இன்னிக்குப் பட்டியல்லேருந்து பதினாலைத் தூக்கிட்டேன்,” என்றாள், திரும்பாமலே.

வீடியோ கேம் விற்கும் தளத்தில், ஆசைப்பட்டதைக் குறித்துவைக்கும் விருப்பப் பட்டியல் ஒன்று எல்லோருக்கும் உண்டு. எனக்குத் தெரிந்தவர்கள் இருபது, முப்பது வைத்திருப்பார்கள். பிலியானாவின் பட்டியலில் இரண்டாயிரத்து நூற்று அறுபது.

பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்காரி அவள். வயது ஐம்பத்திரண்டு. சூப்புக்கான பயறை மேஜையில் பரப்பினால் அவள் விரல் நேராகக் கல்லின் மேல்தான் போய் நிற்கும். பட்டியலிலும் அதே விரல்தான். என்ன வகை, என்ன மொழி, எத்தனை பேர் ஆடலாம் என்று தளமே பிரித்துத் தரும். அதை அவள் “பெரிய கண்ணு சல்லடை” என்பாள். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தச் சல்லடை: கடிகாரம் விரட்டக் கூடாது, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒரே பட்டன் போதும், இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க, திட்டி எழுதியவர்களை மட்டும் படிப்பாள்.

“பாராட்டறவன் அருமைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிடுவான். திட்டறவன்தான் உக்காந்து வெளக்குவான்.”

‘இது ஒரு விளையாட்டா? பட்டன் ஒன்றுதான். என் பூனைகூட ஆடிவிடும்’ என்று எவனோ ஒரு விளையாட்டைக் கரித்துக்கொட்டியிருந்தான். அவள் அதைத் தூக்கிப் பட்டியலின் உச்சியில் வைத்தாள்.

அத்தனையும் ராட்கோவுக்காக. இருபத்தாறு வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர் அவள் கணவர். கை நடுங்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் மாலையில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து கார்ப் பந்தயம் ஆடுவார்கள். அவள் சுவரில் மோதுவாள். அவர் சிரிக்கிற சிரிப்பு என் வீடுவரை கேட்கும். அந்தச் சிரிப்பு நின்று ஒரு வருடமாகிறது. வலது கை எப்போதும் பாக்கெட்டுக்குள். விளையாட்டு அலுத்துவிட்டது என்றாராம். “அலுப்பு இல்ல, வெக்கம்,” என்று என்னிடம் சொன்னாள் அவள்.

அவளும் ஒரு தப்புச் செய்தாள். பொறுக்கியெடுத்தவற்றை ஒரு தொகுப்பாக்கி, ‘ராட்கோவின் கைக்கு’ என்று பெயர் வைத்தாள். பட்டியலை நண்பர்கள் எல்லோரும் பார்க்க முடியும் என்பதை மறந்துவிட்டாள். டிராலிபஸ் பணிமனை முழுக்க அதைப் படித்தது. எவனோ அவருக்குப் போன் போட்டுப் பரிதாபப்பட்டான். மூன்று வாரம் அவர் அவளோடு பேசவில்லை. பால்கனியைப் பார்த்தபடி சூப்பைக் குடித்துவிட்டு எழுந்துபோவார். நானாக இருந்தால் அழுது பட்டியலையே அழித்திருப்பேன்.

பிலியானா அழிக்கவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. நேற்று தொகுப்பின் பெயரை மட்டும் மாற்றினாள்: ‘பிலியானா ஜெயிக்கக்கூடியவை’. பணிமனை முழுக்கப் படிக்கட்டும் என்று திறந்தே வைத்தாள்.

நான் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது ராட்கோ தன் அறையிலிருந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் போனிலும் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும்.

“நீயா? ஜெயிக்கப்போறியா?”

அவள் மவுஸை விடவில்லை.

“சுவத்துக்கே உன்னைப் பாத்தா பயம். நீ ஜெயிக்க ரெண்டாயிரம் பத்தாது,” என்றார் அவர்.

“வாயால ஓட்டாதே. உக்காந்து ஓட்டு.”

பூனைகூட ஆடக்கூடிய அந்த விளையாட்டு திரையில் திறந்தது. ராட்கோ இடது கையால் கன்ட்ரோலரை எடுத்தார். என் கண் கலங்கியதை மறைக்க நான் பனிட்சா பலகாரம் கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வழியனுப்ப வந்தார்.

“மத்தியானம் வா, நெவெனா. இவ தோத்த கதையைச் சொல்றேன்.”

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். இடது கையிலிருந்த கன்ட்ரோலரை அவர் கீழே வைக்கவில்லை. வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, என் கண்ணெதிரேயே நடுங்க விட்டு, அதே கையால் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் இரண்டு முறை தடதடத்தது. மூன்றாவது முறை விழுந்தது.